புவனா கொடுக்காத பாஸ்வேர்டு

குப்பனூர்
12.11.2024

புவனா கண்ணுக்கு மாமன் எழுதுவது.

உன் முதலாளி தேவசிகாமணி நேற்றுக் காலை எனக்குப் போன் செய்தார். ரிசார்ட்டில் வேலை பார்க்கிற எல்லாரும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை அவரிடம் சொல்லிவிட்டார்களாம். நீ ஒருத்திதான் சொல்ல மாட்டேன் என்றாயாம். மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் ரிசப்ஷனுக்கு வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வேன் என்றார். இதில் நான் ஏதாவது கூட்டிக் குறைத்திருந்தால் எழுது.

போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் உன் அத்தை போனைப் பிடுங்கி கிரைண்டர் கெட்டுப்போன கதையை ஆரம்பிப்பாள். அதனால் எழுதுகிறேன். ரிசார்ட்டுக்குக் காப்பித்தூள் இறக்க வரும் நம் வண்டியில் கடிதம் வரும். பதிலை அதிலேயே கொடுத்தனுப்பு.

அந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவன் நான். அவர்களுக்குக் காப்பித்தூளும் மிளகும் போடுகிறவனும் நான். ஜனவரியில் மிளகுக்குப் புது விலை பேச வேண்டும். இந்த நேரத்தில் அவரோடு வம்பு எதற்கு? மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். உன் மடியில் என்ன இருக்கிறது? நாலு பூப்படம், இரண்டு நாய்க்குட்டிப் படம். காட்டிவிட்டு வேலையைப் பார். மாட்டுச் சந்தையில் கயிறு பிடித்த காசில் கடை வைத்தவன் நான். எங்கே குனிய வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

எனக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது. தலைச்சோலையில் அக்காவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மேலே பனி இறங்கியிருக்கும், காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ.

உன் மாமன்
காளியண்ணன்


ஏற்காடு
19.11.2024

அன்புள்ள மாமாவுக்குப் புவனா எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு வலது முட்டி பரவாயில்லை, இடதுதான் மாடிப்படி வேண்டாம் என்கிறது. காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டதால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அம்மாவுக்கு லீவு தர மாட்டேன் என்கிறாராம். அத்தையின் கிரைண்டர் சரியாகிவிட்டதா?

நீங்கள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஏன் கேட்கிறார் என்பதை மட்டும் அவர் உங்களிடம் சொல்லவில்லை. மழையில் ஒரு நாள் குளியலறைச் சுவரில் அட்டை ஊர்ந்திருக்கிறது. யாரோ அதைப் படம் பிடித்து, "இவரும் எங்கள் அறையில்தான் தங்குகிறார், வாடகை கொடுப்பதில்லை" என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். வேலைக்காரர்களில் ஒருவர்தான் போட்டது என்று முதலாளிக்கு உறுதி. அட்டையைப் பிடிக்க ஆள் அனுப்பாமல் எங்களைப் பிடிக்கிறார்.

பூப்படம் எல்லாரும் பார்க்கத்தான் போட்டேன், அவரும் பார்க்கட்டும். உள்ளே இருக்கிற பேச்சு வேறு. அது என்னுடையது மட்டும் இல்லை மாமா. என்னோடு ரிசப்ஷனில் நிற்கும் ஜெயமேரி அக்கா மனசில் உள்ளதையெல்லாம் எனக்கு எழுதுவார். அம்மா எஸ்டேட்டில் நடப்பதைக் குரலில் பேசி அனுப்புவார். நீங்கள் அனுப்பியதும் இருக்கிறது. அதையெல்லாம் திறந்து காட்ட நான் யார்? மடியில் கனம் இல்லைதான். அதற்காக வழியில் நிற்கிறவன் தடவிப் பார்க்க மடியை விரித்துக் கொடுப்பார்களா?

எனக்கு இந்த வேலை வேண்டும். அடுத்த வருடம் ரிசப்ஷன் முழுவதும் என் பொறுப்பில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பாஸ்வேர்டையும் கொடுக்க மாட்டேன். எனக்கு இரண்டும் வேண்டும். நீங்கள் வியாபாரி, வழி சொல்லுங்கள்.

அன்புடன்
புவனேஸ்வரி


குப்பனூர்
27.11.2024

கண்ணு, விஷயம் முடிந்தது.

நேற்று நானே மேலே வந்தேன். நீ வேலையில் இருந்தாய், கூப்பிடவில்லை. தேவசிகாமணியும் நானும் அவர் அறையில் உட்கார்ந்து பேசினோம். இனி உன்னிடம் பாஸ்வேர்டு கேட்க மாட்டார். ரிசப்ஷனில் நீயே நிற்பாய். எப்படி முடித்தேன் என்று கேட்காதே. தாய்மாமன் என்று ஒருத்தன் பிறகு எதற்கு இருக்கிறான்? நம் காப்பித்தூளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு அந்த மனிதர் எனக்கு டீ கொடுத்தார். அதையும் கவனித்துக்கொண்டேன்.

இன்னொரு யோசனை கேட்க வேண்டும். மீசைக்குச் சாயம் போடலாம் என்று இருக்கிறேன். கருப்பில் ஒன்று, காப்பிக் கலரில் ஒன்று என்று தடவிப் பார்த்து உனக்கு மட்டும் இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். எது எடுபடும்? உன் அத்தையிடம் கேட்டால் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பாள்.

முட்டிக்கு எண்ணெய் அனுப்புகிறேன். அக்காவிடம் சேர்த்துவிடு.

காளியண்ணன்


ஏற்காடு
15.12.2024

மாமாவுக்கு வணக்கம். எண்ணெய் வந்தது, அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மீசைக்குக் காப்பிக் கலர்தான். கருப்பில் நீங்கள் யாரையோ அடிக்கக் கிளம்பின மாதிரி இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே முதலாளி என்னிடம் பாஸ்வேர்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் இங்கே வேறு ஏதோ நடக்கிறது. போன வாரம் ஜெயமேரி அக்காவை ரிசப்ஷனிலிருந்து துணி துவைக்கிற கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சேலத்தில் ஒரு ஓட்டலில் வேலை கேட்டிருப்பதாக அக்கா எனக்கு எழுதியிருந்தார். எனக்குத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, எழுதியதைத் தன் கணக்கில் உடனே அழித்தும்விட்டார். முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, "சேலம் வெயில் ஒத்துக்குமா? அதுக்குள்ள தண்ணில நின்னு பழகிக்குங்க" என்றாராம். அக்கா இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று என்னிடமும், அம்மாவுக்கு எண்ணெய் கேட்கிறதா என்று விசாரித்தார். எண்ணெய் விஷயத்தை அம்மா எனக்குக் குரலில் பேசி அனுப்பியதோடு சரி, அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு நீங்கள் அவரிடம் என்ன சொல்லி முடித்தீர்கள் மாமா?

புவனா


குப்பனூர்
30.12.2024

கண்ணுக்கு மாமன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். காப்பிக் கலரே போட்டுவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் ஊருக்குப் போய் வந்தீர்களா என்று கேட்கிறார்கள். என்ன வித்தியாசம் என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. நல்ல சாயம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கணக்கு எழுதும் சாந்தி லீவில் இருக்கிறாள். பில் நானே போடுகிறேன். மெஷின் ஒரே பில்லை மூன்று முறை துப்புகிறது.

ஜனவரி எட்டாம் தேதி மிளகு விலை பேச மேலே வருகிறேன். கணக்கை உனக்கு மெசேஜில் அனுப்பியிருக்கிறேன். எழுநூற்று இருபதில் ஆரம்பிப்பேன், அறுநூற்று எண்பத்தைந்துக்குக் கீழே போக மாட்டேன். வேறு யாராவது வியாபாரிகள் அங்கே வந்து போனால் ஒரு வரி போடு.

பனியில் நிற்காதே. புது வருடம் நல்லபடியாக இருக்கட்டும்.

காளியண்ணன்


குப்பனூர்
10.01.2025

கண்ணு, மிளகு விலை பேசப் போனேன், தோற்றுவிட்டு வந்தேன்.

நாற்காலியில் நான் உட்காரும் முன்பே, "ஏனுங்கண்ணா, காப்பிக் கலர் நல்லா எடுபடுதுங்க. கருப்புன்னா கொஞ்சம் முரடாத்தான் இருந்திருக்கும்" என்றார் தேவசிகாமணி. கருப்பு வைத்த படத்தைப் பார்த்தது நீயும் நானும்தான். உன் அத்தைக்குக்கூட நான் காட்டவில்லை.

சரி, தொழிலைப் பார்ப்போம் என்று எழுநூற்று இருபது என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அறுநூத்தி எம்பத்தஞ்சுங்க. அதுக்குக் கீழ உங்களுக்குக் கட்டாது, நானும் கேக்க மாட்டேன்" என்றார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகியவன் நான். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்குக்கூட அது என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாது. இத்தனை வருடத்தில் என் கடைசி விலையை எனக்கு முன்னால் சொன்னவன் ஒருத்தனும் இல்லை. பிறகு சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மலை இறங்கும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். நீயும் யோசித்திருப்பாய். உன் பாஸ்வேர்டை அவருக்குச் சொன்னது நான்தான். எனக்குப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் திறந்து கொடுத்தபோது, மறக்காமல் இருக்கட்டும் என்று உன் பாஸ்வேர்டையே போட்டுக் கொடுத்தாய் அல்லவா? அதைச் சொன்னேன். நீ கொடுக்காத மாதிரியும் ஆச்சு, அவருக்குக் கிடைத்த மாதிரியும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். கணக்கு தப்பாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காளியண்ணன்


ஏற்காடு
13.01.2025

மாமாவுக்கும் அத்தைக்கும் பொங்கல் வாழ்த்து. இப்போதைக்கு வேறு வாழ்த்து கைவசம் இல்லை.

மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம் மாமா?

அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நான் சொல்லவில்லை. டிசம்பரிலேயே உங்களிடம் கேட்டேன், நீங்கள் மீசையைப் பற்றி எழுதினீர்கள். அதே பாஸ்வேர்டில் உங்கள் கணக்கையும் அவர் திறக்கலாம் என்பது இன்னும் உங்களுக்கு உறைத்திருக்காது. உங்களுடையதை இன்றைக்கே மாற்றுங்கள். என்னுடையதை மாற்றினால் முதலாளிக்கு உடனே தெரிந்துவிடும், மறுநாள் நான் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டும். அதனால் எனக்கு யாரும் ஒன்றும் அனுப்பாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். துணி துவைக்கிற கட்டடத்துக்குப் போய் ஜெயமேரி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் பேசி முடிக்கும்வரை ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

இன்னொன்று. சாந்தி லீவில் இல்லை, நின்றுவிட்டாள். தினமும் காலையில் அவள் போனை வாங்கி, யாரோடு பேசினாள், என்ன அனுப்பினாள் என்று நீங்கள் பார்ப்பீர்களாமே. அவளே சொன்னாள். இதற்கு நீங்கள் பதில் எழுதும்வரை நான் எழுதப் போவதில்லை.

புவனேஸ்வரி


குப்பனூர்
24.01.2025

கண்ணுக்கு மாமன் எழுதுவது. இங்கே சுகம்தான். என் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இரண்டு முறை மறந்தும் விட்டேன்.

உன் பாஸ்வேர்டை இன்னும் பத்து நாள் மாற்றாதே. திருடன் வருகிற வழி தெரிந்துவிட்டால் அதை ஏன் அடைக்க வேண்டும்? அடுத்த வெள்ளிக்கிழமை உனக்கு ஒரு மெசேஜ் அனுப்புவேன். கிளியூரில் தோட்டக்காரர் ஐயாக்கண்ணு கொட்டகையில் இருபது மூட்டை மிளகு கிடக்கிறது, அவருக்குப் பண அவசரம், ஞாயிற்றுக்கிழமை ரொக்கத்தோடு முதலில் போகிறவருக்குக் கிலோ ஐந்நூறு, நான் பத்து மணிக்குப் போகிறேன், யாரிடமும் மூச்சு விடாதே என்று இருக்கும். நீ "சரிங்க மாமா" என்று மட்டும் போடு. மிளகும் இல்லை, அவசரமும் இல்லை. ஐயாக்கண்ணிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

மற்ற விஷயங்களைப் பிறகு பேசலாம். இருமல் இருந்தால் மிளகுக் கஷாயம் குடி.

காளியண்ணன்


குப்பனூர்
04.02.2025

கண்ணு, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. "சரிங்க மாமா" மட்டும் வந்தது, அதற்கு நன்றி. நீ எழுதாவிட்டாலும் நடந்ததை நான் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளியூருக்குப் போய் கொட்டகைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். நான் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னேன் அல்லவா, உன் முதலாளி எட்டுக்கே ஜீப்பில் வந்துவிட்டார். கையில் பை, வண்டியில் தராசு. ஐயாக்கண்ணு வாயே திறக்காமல் மூட்டைகளைக் காட்டினார். உள்ளே அரை இருட்டு. முதலாளி ஒரு மூட்டையை அவிழ்த்து, மிளகு பார்க்கிற பழக்கத்தில் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அது தோட்டத்துக்கு எருப் போடச் சேர்த்து வைத்த ஆட்டுப் புழுக்கை. நன்றாகக் காய்ந்துவிட்டால் அதற்கும் மிளகுக்கும் பார்வைக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். ஒன்றைக் கடித்துப் பார்க்க வாய் அருகே கொண்டு போய்விட்டார். அவர் என் வாடிக்கைக்காரர், அதுவரை விட எனக்கு மனசு வரவில்லை.

"கடிச்சுப் போடாதீங்க மொதலாளி. நான் போட்ட கிலோ ஐந்நூறு அதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

அவர் கையை உதறினார். சும்மா நடக்க வந்தேன் என்றார். தராசோடு நடக்க வந்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த மிளகு உலகத்தில் என் மருமகளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த மிளகு, நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். ஊரான் விலையைக் கூலிக்காரப் பெண்ணின் போனில் திருடிப் படிக்கிறவர் என்று கடைவீதியில் தெரிந்தால், மலையில் ஒரு தோட்டக்காரர்கூட உங்களிடம் விலை சொல்ல மாட்டார் என்றேன். நல்ல அடி. அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

அவர் ஐயாக்கண்ணு கொடுத்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, இந்த ரோசனையே உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்களே. போன வருசம் எங்க ஊட்டுக்கு வந்தப்ப நீங்கதான் சொன்னீங்க. கடைக்கு ஆள் வெச்சா மொதல்ல போனை வாங்கிப் பாக்கோணும், அப்பத்தான் ஆள் நம்ம கையில இருக்கும்னு. நொம்ப நல்ல ரோசனைன்னு நான் எங்க ஊட்டுக்காரிகிட்டக்கூடச் சொன்னனுங்க. உங்க கடைப் புள்ளை ஏனுங்க நின்னுருச்சு?"

ஐயாக்கண்ணு என்னைப் பார்த்தார். உன் முதலாளி ஒரு கையைத்தான் மூட்டையில் விட்டார், எனக்கு இரண்டு கையும் நாறியது. அன்றைக்கு ஒன்றும் படியவில்லை. அவரவர் வண்டியில் ஏறிப் போய்விட்டோம்.

அக்கா முட்டி எப்படி? ஒரு வரியாவது எழுது.

காளியண்ணன்


ஏற்காடு
10.02.2025

அன்புள்ள மாமாவுக்கு, நான் நலம். அம்மாவுக்கு இடது முட்டி வீங்கியிருக்கிறது, அடுத்த வாரம் லீவு போட்டுத் தலைச்சோலை போகிறேன்.

உங்கள் கடிதத்தைத் துணி துவைக்கிற கட்டடத்தில் வைத்து ஜெயமேரி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு மாதம் கழித்து அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "கடிச்சிருக்கட்டும், உங்க மாமா எதுக்குத் தடுத்தாரு?" என்பதுதான். முதலாளி இப்போது என்னைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

சாந்தியைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் சொன்னது நீங்கள் இல்லை, முதலாளி. ஆனாலும் நீங்கள்தானே மறைக்காமல் எழுதி அனுப்பினீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என் பக்கத்து நிபந்தனைகள் இவைதான். யாருடைய பாஸ்வேர்டையும் கேட்கக் கூடாது, ஏற்கனவே கொடுத்தவர்கள் எல்லாரும் மாற்றிக்கொள்ளலாம். ஜெயமேரி அக்கா ரிசப்ஷனுக்குத் திரும்ப வேண்டும். ரிசார்ட்டின் பேஸ்புக் பக்கத்தை வேண்டுமானால் நான் நடத்துகிறேன், வேலை நேரத்தில், அவர்கள் கம்ப்யூட்டரில். அதில் என்ன போடலாம் என்று அவர் சொல்லட்டும், அது அவர் சொத்து. இவற்றைப் பேச நீங்களே போங்கள். ஆனால் முதலில் சாந்தி வீட்டுக்கு, பிறகு மேலே. வரிசை மாறினால் நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு.

புவனா


குப்பனூர்
22.02.2025

புவனா கண்ணுக்கும் அக்காவுக்கும் மாமன் எழுதுவது. இந்தக் கடிதம் தலைச்சோலைக்கு வந்து சேரும்போது முட்டி வீக்கம் வற்றியிருக்க வேண்டும். வற்றாவிட்டால் வண்டி அனுப்புகிறேன், சேலத்துக்குக் கூட்டிப் போகலாம். நீ இல்லாத நேரத்தில் பேசி முடித்ததால் எழுதித் தெரிவிக்கிறேன். வாய்ப்பேச்சு நாளைக்கு மாறும்.

நீ சொன்ன வரிசையிலேயே போனேன். சாந்தி வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் செய்தது தப்பு, கடைக்கு வா என்றேன். அவள் கோழியைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் எங்கண்ணனுக்கு அழுது அனுப்பினதைக் கூட நீங்க கேட்டீங்க. அடுத்த நாள் டாக்டர் என்ன சொன்னார்னு எங்கிட்டயே விசாரிச்சீங்க" என்றாள். நான் அன்றைக்கு அக்கறையில்தான் கேட்டேன். அதைச் சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. பிறகு அவளே கூலியை ஆரம்பித்தாள்.

அங்கிருந்து நேராக மேலே போனேன். தேவசிகாமணி இந்த முறை காப்பி கொடுத்தார். எங்கள் இருவருக்கும் சமமாக வெட்கம் இருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. அட்டைப் படம் போட்டது யார் என்றும் கேட்டேன். கோயமுத்தூரிலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பமாம். போன மாதமே தெரியுமாம், சொல்லத் தோன்றவில்லையாம்.

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பேசி முடித்ததைக் கீழே எழுதுகிறேன்.

உன் மாமன்
காளியண்ணன்

ரிசார்ட்டில்: வேலை பார்க்கிறவர் யாரிடமும் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்பதில்லை, வேறு ஆள் மூலமாகவும் வாங்குவதில்லை. அதில் மாமன்மாரும் அடக்கம். இதுவரை வாங்கினதெல்லாம் செல்லாது, எல்லாரும் மாற்றிக்கொள்ளலாம். ஊருக்கே தெரியப் போட்டதை அவர் பார்க்கலாம், பார்த்ததற்காக ஆளை இடம் மாற்றக் கூடாது. ஜெயமேரி மார்ச் முதல் தேதி ரிசப்ஷனுக்கு வருகிறார். ரிசார்ட்டின் பக்கத்தை நீ வேலை நேரத்தில் நடத்துகிறாய், அதற்கு மாதம் இரண்டாயிரம் தனி. மிளகு கிலோ எழுநூற்று ஐந்து.

நம் கடையில்: சாந்தியின் போன் சாந்தியின் பையில். ஞாயிறு முழு லீவு. சம்பளத்தில் கூடுதலாக மாதம் ஆயிரத்து ஐந்நூறு கேட்டாள். நான் ஆயிரத்துக்குக் கேட்டேன், ஆயிரத்து இருநூறுக்கு ஏறினேன். அவள் இறங்கவே இல்லை. ஆயிரத்து ஐந்நூறு.